ஊரைத் திருப்பிய சுக்கான் பெட்டி

எங்கள் ஊர் திரும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொலஸ்திக்கா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில். பெட்டிக்குக் கரண்டைக் கொடுத்து, முகப்பிலிருந்த பித்தளைத் திருகைக் கைக்கு வந்த இடத்தில் திருப்பிவைத்து, மோட்டார் முனகுவதையும் சங்கிலி ஓடுவதையும் காதால் கேட்டு, சரி, கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று அவள் எழுந்து போய், டீக்கடை ஞானப்பிரகாசத்திடம் சர்க்கரை ஜாஸ்தி என்று வழக்கமான சண்டையைப் போட்டு, அந்தச் சண்டை அவருடைய மாமியார் வரைக்கும் நீண்டு, ஒருவழியாக ஓய்ந்து, திரும்பி வந்து பார்த்தால், பட்டறையின் வடக்கு ஜன்னல் வழியாக, கட்டின நாளிலிருந்து காலை வெயில் தலைகாட்டாத அந்த ஜன்னல் வழியாக, வெயில் உள்ளே வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அவள் வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மறுபடியும் கோபுரத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை நிறுத்தினாள். ஊரும் நின்றது.

கொலஸ்திக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தியாகுத்துறையில் சந்தியாகப்பர் கோயிலை ஒட்டி இருக்கிற பழைய வலைக் கொட்டடியை வாடகைக்கு எடுத்து, படகுகளின் ஒயர்லெஸ் செட்டு, மீன் காட்டும் கருவி, ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறவள். பாலிடெக்னிக்கில் படித்தவள். இந்தக் கடற்கரையில் தன்னால் சரிபண்ண முடியாத பெட்டி கிடையாது என்று நம்புகிறவள், அதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும் செய்கிறவள். அவள் புருஷன் லெயோன், 'கடல் விண்மீன்' என்ற விசைப்படகின் சொந்தக்காரன், அதற்கு டிரைவரும் அவனே. கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிற ஆள். போன வருஷம் ஒரு நடை, விடிய விடியச் சுக்கானைப் பிடித்தபடி நின்றவன் கண் அசந்துவிட்டான், விழித்துப் பார்த்தால் சரக்குக் கப்பல் ஒன்று அவன் படகின் மூக்கை உரசுகிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கரைக்கு வந்து அதை அவன் சிரித்துக்கொண்டு சொன்னான், கொலஸ்திக்கா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. உடைத்துப்போட்ட ஏதோ வெளிநாட்டுப் படகிலிருந்து கழற்றிப் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஆட்டோ பைலட், அதாவது ஆள் தொடாமலே திசை பார்த்துச் சுக்கானைத் திருப்புகிற பெட்டி. பச்சைப் பெயின்ட், கனத்த இரும்பு, உள்ளே, முள் மிதக்க ஊற்றிவைத்த சாராயம் வற்றிப்போன திசைகாட்டிக் கிண்ணம். அவள் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி அளவில் புது எலக்ட்ரானிக் திசைகாட்டி வைத்தாள், துருப்பிடித்த ரிலேக்களைப் பிடுங்கிவிட்டுப் புது போர்டு வைத்தாள், பழைய மோட்டாரையும் பித்தளைத் திருகையும் மட்டும் அப்படியே விட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். படகில் இந்தப் பெட்டிக்கு எர்த் கொடுக்க, அடிப்பலகைக்குக் கீழே தண்ணீரில் படுகிற மாதிரி ஒரு செம்புத் தகடு இருக்கும். பட்டறையில் அது ஏது? கொட்டடிச் சுவரோரமாகக் கோயில் கோபுரத்து இடிதாங்கிக் கம்பி மண்ணுக்குள் இறங்குகிறது, அதிலே எர்த் ஒயரைச் சுற்றிவிட்டாள். பெட்டி எந்தப் படகில் இருக்கிறதோ அந்தப் படகைத் திருப்புவதுதானே அதன் வேலை, ஊரோடு சேர்த்துக் கட்டினால் ஊரைத் திருப்பியது. இதில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படகில் ஏறுகிற எவனும் முதலில் திசைகாட்டியைப் பார்ப்பான். பட்டறை மேஜை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று யார் பார்ப்பார்கள்? ஊர் முன்பு எந்தப் பாகையில் நின்றது என்று அவள் பார்த்துவைக்கவில்லை. அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் வந்தது டீக்கடைக்காரர்தான். "ஏளா கொலஸ்தி, உன் பெட்டியைத் திருப்பி வைக்கியா, இல்ல நான் கடையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போகட்டுமா? பன்னு பூரா வெயில்ல காயுது!" என்று சத்தம் போட்டார். அவள் பதில் சொல்லும் முன்னால் கருவாடு காயப்போடுகிற பெண்கள் வந்து, வெயில் இப்போதுதான் சரியாக விழுகிறது, திருகைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவோம் என்றார்கள். பத்து மணி பஸ் வந்தது. தார்ரோடு முடிகிற இடத்தில் எங்கள் தெரு இல்லாததால் டிரைவர் ஹாரனை அடித்துவிட்டு நிறுத்தினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "எறங்குறவங்க எறங்கி நடங்க, ஊரு இன்னைக்கி கொஞ்சம் தள்ளி இருக்கு" என்றார். மறுநாளிலிருந்து அதை அவர் டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லத் தொடங்கினார். லைன்மேன் வந்து, கடைசிக் கம்பத்தில் முறுக்கிக்கொண்ட ஒயரை நீட்டிக் கட்டிவிட்டு, இனிமேல் திருப்புவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் திருப்பவும் என்று கேட்டுக்கொண்டார். தாலுகாவிலிருந்து சர்வேயர் வந்து, சங்கிலி பிடித்து அளந்து, தன் வரைபடம் சரி, ஊர்தான் தப்பு என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

பங்குச்சாமி மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். "ஆண்டவர் எல்லாத் திசையிலும் இருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை" என்று ஞாயிறு பூசையில் சொன்னார். "ஆனால் பக்கவாட்டு ஜன்னல் வெயில் நேராக என் கண்ணில் அடிக்கிறது. ஒரு திரைச்சீலைக்கு யாராவது மனம் வைத்தால் நல்லது." இரண்டு வீட்டார் மனம் வைத்தார்கள், அதில் யார் திரையைத் தொங்கவிடுவது என்று சண்டை வந்தது. இப்படித்தான் எங்கள் ஊர் எந்த அதிசயத்தையும் ஏற்றுக்கொள்ளும், முதலில் அதில் ஒரு சண்டையைக் கண்டுபிடித்துவிட்டு.

ஆனால் அந்தத் திருப்பத்தால் நிஜமாகவே வாழ்வு வந்தது ஓடைத் தெருவுக்கு. எங்கள் ஊரின் கிழக்கு ஓரத்தில் கடற்கரைத் தெரு, அங்கேதான் கோயில், படகு வைத்திருக்கிறவர்களின் மாடி வீடுகள், கடல் காற்று. வடக்கு ஓரத்தில் ஓடைத் தெரு, அதன் வாசலில் உப்போடை, மீன் கழிவெல்லாம் வந்து தேங்குகிற இடம், கொசு, நாற்றம், காற்று என்கிற பேச்சே கிடையாது. அந்தத் தெருப் பெண்கள்தான் ஊருக்கெல்லாம் கருவாடு போடுகிறவர்கள், விடிந்தால் கூடையைத் தலையில் வைத்துக் கடற்கரைவரை நடந்து, மீனைக் காயப்போட்டு, காக்காய் விரட்டி, அந்தியில் சுமந்து திரும்புகிறவர்கள். ஊர் வலப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியதும் ஓடைத் தெரு மெல்ல மெல்லக் கடலைப் பார்த்து வந்தது. அந்தப் பெண்கள் பட்டறை வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம், கொலஸ்தி, இன்னும் ஒரே ஒரு வீட்டளவு என்று தினமும் கேட்டார்கள். அவளும், தன் பெட்டி வேலை செய்கிற அழகைப் பார்க்கிற ஆசையிலே, தினமும் கொஞ்சம் திருப்பினாள். கால் வட்டம் முடிந்தபோது ஓடைத் தெரு முழுசாகக் கடலுக்கு முன்னால் நின்றது. வீட்டு வாசலிலேயே மணல், மணல்மேலேயே மீன், வாசலில் உட்கார்ந்தபடியே காக்காய் விரட்டலாம். அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தெருவில் ஒரு கதவும் சாத்தவில்லை.

கடற்கரைத் தெரு தெற்கே போய் முள்ளுக்காட்டைப் பார்த்து நின்றது. ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் பர்னாந்து தன் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் கருவேலமரமும் ஆடுகளும்தான் தெரிந்தன. ஊரைப் பழையபடி வைக்க வேண்டும் என்று பேச அவர் கமிட்டியைக் கூட்டினார். கடலில் இருந்த படகுகளுக்கெல்லாம் ஒயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது, ஊர் திரும்பி இருக்கிறது, பகலில் வாருங்கள், கோபுரத்தை நம்பாதீர்கள் என்று. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு படகுக்கு மட்டும் சொல்ல முடியவில்லை.

அது 'கடல் விண்மீன்'. ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே லெயோன் ஆட்களோடு கிளம்பிப் போய்விட்டான். அவன் படகின் ஒயர்லெஸ் செட்டு கொலஸ்திக்காவின் பட்டறை அலமாரியில், மூடி திறந்தபடி கிடந்தது. "இந்த நடை செட்டு இல்லாம போயிட்டு வாங்க, வந்ததும் ஒயர்லெஸ்ஸு, சுக்கான் பெட்டி ரெண்டையும் சேத்து மாட்டித் தாரேன்" என்று சொல்லி அவள்தான் அனுப்பினாள். அவளுக்குப் பெட்டிமேலேயே கண். அவன் வர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஊரைப் பழையபடி வைத்துவிடலாம் என்று அவள் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஐப்பசி பிறந்ததும் புயல் வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின, மழை தெற்கிலும் கிழக்கிலுமாக மாறி மாறி அடித்தது. ஒரு வியாழக்கிழமை மதியம், பக்கத்துத் துறையில் ஒதுங்கிய படகொன்று செய்தி சொல்லியது, 'கடல் விண்மீன்' எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது, அந்திக்குள் உங்கள் வாய்க்கு வந்துவிடும் என்று. ஒதுங்கிய படகொன்றில் வேலையாக இருந்த கொலஸ்திக்கா அதைக் கேட்டதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

வாய் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் நீளமாகப் பாறை கிடக்கிறது, பார் என்போம். அதில் ஒரே ஒரு இடத்தில்தான் படகு நுழைகிற அளவுக்கு இடைவெளி, அதுதான் வாய். அமைதியான நாளில் நுரையைப் பார்த்து நுழையலாம். கொந்தளிப்பில் கடல் முழுவதும் நுரைதான், ஜிபிஎஸ்ஸோ ஒரு படகு அகலம் தள்ளிக் காட்டும், அந்த ஒரு படகு அகலம்தான் உயிர். அப்போது கணியம் பார்க்க வேண்டும். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கிற இரண்டு அடையாளங்களை நேர்க்கோட்டில் கொண்டுவருவதுதான் கணியம். எங்களுடைய முன் அடையாளம் சந்தியாகப்பர் கோபுரம். பின் அடையாளம் ஊருக்கு வெளியே மேட்டில் நின்ற ஒற்றைப்பனை, அது விழுந்தபிறகு அதே இடத்தில் நட்ட செல்போன் டவர். கோபுரம் டவரை முழுசாக மறைத்தால் நீங்கள் வாய்க்கு நேராக இருக்கிறீர்கள். டவர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எட்டிப் பார்த்தால் பாருக்கு நேராக இருக்கிறீர்கள். டவர் ஊருக்கு வெளியே என்பதால் அது திரும்பவில்லை. கோபுரம் கிழக்கிலிருந்து தெற்கே போயிருந்தது. லெயோன் மழைக்குள்ளிருந்து கோபுரத்தைக் கண்டுபிடித்து, டவரை மறைத்து, முழு நம்பிக்கையோடு நேராகப் பாரின்மேல் படகை ஏற்றுவான். குறுக்கே நின்று துணியை வீசினாலும் பார்க்கமாட்டான், கோபுரம் கண்ணில் பட்டபிறகு எங்கள் ஆட்கள் வேறெதையும் பார்ப்பதில்லை.

கொலஸ்திக்கா பட்டறைக்கு ஓடினபோது வாசலை அடைத்துக்கொண்டு ஓடைத் தெருப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு மழையிலேயே உட்கார்ந்திருந்தாள் மதலேனாள், அந்தத் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"வழிய விடு மைனி" என்றாள் கொலஸ்திக்கா. "அவிய வந்துக்கிட்டிருக்காவ. ஊரைப் பழைய இடத்துல வைக்கணும்."

"வச்சா?"

"வச்சாத்தான் வாய் தெரியும்."

"வச்சுட்டு அப்படியே ஒயரை அறுத்துருவீய. கஸ்பார் அண்ணன் மடியில கட்டரைச் சொருகி வச்சிருக்கத நான் பாத்துட்டேன்." எல்லோரும் கஸ்பாரின் மடியைப் பார்த்தார்கள். கட்டரின் சிவப்புப் பிடி வெளியே தெரிந்தது. அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மைனி, அவிய செத்துப்போவாவ!"

"லெயோன் செத்தா நான் அழுவேன்" என்றாள் மதலேனாள். "நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுவேன். உன்னைவிடச் சத்தமா அழுவேன். ஆனா நாங்க உசிரோட அந்த ஓடைக்கரையில கெடந்து வெந்தமே, அதுக்கு இந்த ஊர்ல எவ அழுதா? நீ அழுதியா?"

கொலஸ்திக்கா வாயைத் திறந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் என்னென்ன சொல்வாள் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் எல்லோரும் அதற்குத் தயாராக நின்றோம். "இல்ல மைனி" என்றாள் அவள். "அழல."

 பிறகு கொலஸ்திக்கா கோயிலைப் பார்த்துக் கையை நீட்டி, "சந்தியாகப்பர் அறியச் சொல்லுதேன். படகு கரைக்கு வந்ததும் இந்தத் திருகை உன் கையில தாரேன். ஒருத்தரையும் ஒயரைத் தொட விடமாட்டேன். அதுக்கப்புறம் ஊரு எப்படி நிக்கணும்னு நீ சொல்லு" என்றாள். மதலேனாள் எழுந்து, கூடையை நிமிர்த்தி, ஒதுங்கி நின்றாள்.

இப்போது இன்னொரு முடிச்சு விழுந்தது. எவ்வளவு திருப்புவது? பழைய பாகை எது? கிழக்கு என்றார் ஒருவர், கிழக்கென்றால் நேர்க்கிழக்கா என்று கேட்டதும் விழித்தார். ஞானப்பிரகாசம் தன் பால் பாத்திரத்தில் விழுந்த வெயிலை வைத்துச் சொன்னார், பங்குச்சாமி பீடத்தின் நிழலை வைத்துச் சொன்னார், கடற்கரைத் தெருவுக்குள்ளேயே ஆளுக்கொரு கணக்கு. பிறந்து வளர்ந்த ஊர் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று ஊருக்குள் இருந்தவர் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் கஸ்பார்தான் சொன்னார்: "கடலுக்குள்ள நின்னு பாத்தாத்தான் தெரியும். நான் பைபர் படகுல வாய்க்குப் போறேன். கோபுரம் டவரை மறைக்கதப் பாத்து வாக்கிடாக்கில சொல்லுதேன். நீ திருப்பு."

"நானும் வாரேன்" என்றாள் மதலேனாள்.

ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்கள் துறையில் பெண்கள் படகில் ஏறிப் பாருக்குப் போனதில்லை, ஆகாது, மாதாவே, அதுவும் இந்தக் கடலில். "பொம்பள ஏறுனா ஆகாதுன்னா ஊரும் திரும்ப ஆகாது" என்றாள் அவள். "இவரு நேரா வைக்கதாச் சொல்லிட்டு எங்க தெருவ ஓடைக்குள்ளயே தள்ளிருவாரு. நான் என் கண்ணால பாக்கணும்." பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

கொலஸ்திக்கா திருகை இடப்பக்கமாகத் திருப்பினாள். ஊர் நகர்ந்தது. ஒரு வீட்டின் அகலம் நகர்வதற்குள் உலையில் அரிசி பொங்கிவிடும், அதுதான் அதன் வேகம், அதைவிட விரட்டினால் மோட்டார் புகைந்துவிடும். பாதி திரும்புவதற்குள் கரண்ட் போனது. அவள் பேட்டரியில் போட்டாள். பானைத் தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்தது, கோழிகள் ஒருக்களித்து நின்றன, கோயில் மணி தானாக ஒரு தடவை அடித்தது. நாங்கள் பட்டறையைச் சுற்றி மழையில் நின்றோம். அந்திக்குக் கொஞ்சம் முன்னால் வாக்கிடாக்கி கரகரத்து, "வாய்க்கு வந்துட்டோம்" என்றது கஸ்பாரின் குரல். "மெள்ளத் திருப்பு. இன்னும். இன்னும். சரி, கொலஸ்தி, இதுதான். நிறுத்து!"

அவள் நிறுத்தினாள். அப்போது மதலேனாளின் குரல் கேட்டது. வாக்கிடாக்கியைப் பிடித்திருந்தது அவள், அமுக்கின விரலை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அங்கே பேசினது அத்தனையும் இங்கே ஊர் முழுக்கக் கேட்டது.

"எண்ணே, வாய் இதுவா? வெள்ளையா ரெண்டு பக்கமும் பொங்குது பாருங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல அல்லவா வாய்? நம்ம ஓரமால்லா நிக்கோம்."

"கொஞ்சந்தான் வித்தியாசம். நீ சும்மா இரு."

"கொஞ்சந்தான்னா? ஒங்க வீட்டுக்குக் காத்து வாரதுக்கா இந்தக் கொஞ்சம்? எங்க தெருவத் தள்ளப் பாக்கீராவே?"

"தெருவும் மயிரும்!" கஸ்பார் கத்தினார். பிறகு நெடுநேரம் அலைச்சத்தம், அவள் ஓங்கரித்து வாந்தியெடுக்கிற சத்தம். பிறகு அவர் குரல், நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரல், சன்னமாக. "பயமா இருக்குளா. உள்ள போனா கவிழ்த்துரும். எங்க அப்பன் இந்த வாயிலதான் போனான்."

பட்டறையில் அவர் வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குப் பயப்படத் தெரியல அண்ணே, நான் இதுக்கு முந்தி வந்ததில்ல" என்றாள் மதலேனாள். "நீங்க சுக்கான மட்டும் பிடிங்க. எங்க பாக்கணும், அத எனக்குச் சொல்லுங்க, நான் பாக்கேன்."

எஞ்சின் சத்தம் உயர்ந்தது. அலை அடித்தது, மாதாவே என்றது இரண்டு குரலும் சேர்ந்து. பிறகு மதலேனாள் சொன்னாள்: "கொலஸ்தி, நடுவுல நிக்கோம். டவரு வலப்பக்கம் வெளிய தெரியுது. திருப்பு. இன்னும் திருப்பு." கொலஸ்திக்கா திருகைத் தொட்டாள், மோட்டார் ஒரு தடவை முனகி நின்றுபோனது. பேட்டரி இறங்கிவிட்டது. அவள் சுற்றிலும் பார்த்தாள், எங்கள் படகு பேட்டரிகளெல்லாம் எங்கேயோ தெற்கே கட்டிப்போட்ட படகுகளில் இருந்தன. அப்போது ஓடைத் தெருவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ரொசாரியோ, அன்றைக்கு முழுவதும் பின்வரிசையில் நின்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். தன் ஆட்டோவின் பேட்டரியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். கொலஸ்திக்கா ஒயரை மாட்டினாள்.

"திருப்பு" என்றது வாக்கிடாக்கி. "எங்க தெரு தெரியுது கொலஸ்தி, போகுது, அந்தப் பக்கம் போகுது. என் வீட்டு நீலக் கதவு தெரியுது. இன்னும் கொஞ்சம். கதவு போயிட்டு. இன்னும் ஒரு நூலு. நிறுத்து. மறைச்சிட்டு." கொஞ்ச நேரம் கழித்து அவள் கத்தினாள், வாக்கிடாக்கி கிழிகிற மாதிரி: "படகு! எண்ணே, படகு வருது, ஒதுங்குங்க!"

'கடல் விண்மீன்' மழையைக் கிழித்துக்கொண்டு, கோபுரத்தில் வைத்த கண்ணை எடுக்காமல், இரண்டு நுரைக்கும் நடுவே நேராக உள்ளே வந்தது.

லெயோன் இறங்கி, ஊரே கடற்கரையில் நனைந்து நிற்பதைப் பார்த்து, "என்ன, எவனும் செத்துட்டானா?" என்று கேட்டான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "ஒயர்லெஸ்ஸு சரிபண்ணிட்டியா?" என்றான். கொலஸ்திக்கா அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள், குத்திக்கொண்டே அழுதாள், ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். அவன் ஒன்றும் புரியாமல் அடி வாங்கிக்கொண்டு நின்றான்.

கூட்டம் அப்படியே பட்டறைக்கு வந்தது. கடற்கரைத் தெரு ஆட்கள் ஒயரை அறு, அறு என்றார்கள். கதையைக் கேட்டு முடித்த லெயோனும், "அறுத்துரு கொலஸ்தி, வெளையாட்டா இது?" என்றான். கொலஸ்திக்கா நகர்ந்து, மதலேனாளுக்கு நாற்காலியைக் காட்டினாள். உப்புநீர் சொட்டச் சொட்ட மதலேனாள் உட்கார்ந்து, பித்தளைத் திருகின்மேல் கையை வைத்தாள். கஸ்பார் கட்டரை மடியிலிருந்து எடுத்தார். எல்லோரும் பார்க்க அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார்.

மதலேனாள் லெயோனிடம் கேட்டாள்: "கடல்ல இன்னும் யாராவது இருக்காவளா?"

"இருக்காவ. நம்ம துறைப் படகு ரெண்டு, தெக்க ஒதுங்கி நிக்கி."

 அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள். "அவியளும் வரட்டும்" என்றாள்.

அவர்கள் வந்தார்கள். அவர்கள் வந்தபோது வேறு இரண்டு பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். கார்த்திகை போனது, மார்கழி போனது. ஒவ்வொரு வாரமும் மதலேனாள் கூடையோடு பட்டறை வாசலில் நின்று, "கடல்ல யாரும் இருக்காவளா?" என்று கேட்பாள், கொலஸ்திக்கா இருக்கிறார்கள் என்பாள், மதலேனாள் தலையாட்டிவிட்டுக் கடற்கரைக்கு நடப்பாள். கடலில் எப்போதும் யாராவது இருந்தார்கள், கடல் கொந்தளித்துவிட்டால் ஒயர்லெஸ்ஸில் சொல்லி வாயைக் காட்ட முடியாது, கோபுரம்தான் காட்ட வேண்டும். ஓடை நாறியது. கொலஸ்திக்கா அந்தப் பெட்டியை லெயோன் படகில் மாட்டவே இல்லை, அவனுக்கு வேறொன்று பார்த்துக் கொடுத்தாள். தன் வாக்கு தன் கண்முன்னாலேயே வீணாகிப்போவதைப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரை பிறந்தது. மீன்களுக்கு இனப்பெருக்கக் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலம் தொடங்கியது. தங்கல் படகு, சின்னப் படகு, எல்லாம் வரிசையாகக் கரையில் கட்டிக்கிடந்தன. நாட்டுப் படகுக்காரர்கள் மட்டும் அன்றன்று போய்ப் பகலிலேயே திரும்புவார்கள், அவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம். வருஷத்தின் கொடுமையான வெயில் அதுதான், ஓடை வற்றிப் புழு நெளிகிற காலமும் அதுதான். தடைக்காலத்தின் முதல்நாள் காலையில் மதலேனாள் வந்தாள். கூடை கொண்டுவரவில்லை. அவளுக்குப் பின்னால் ஓடைத் தெரு முழுவதும் வந்தது, அதற்கும் பின்னால், ஒருவரும் கூப்பிடாமலே, கஸ்பார் தன் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்தார், கடலைப் பார்த்து உட்கார ஓடைத் தெருவில் ஓர் இடம் கேட்டு.

"கடல்ல யாரும் இருக்காவளா?" என்று கேட்டாள் மதலேனாள்.

"இல்ல மைனி" என்று சொல்லி, கொலஸ்திக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.